ஹுனைதாவின் முறை

ரைய் நகரத்திலிருந்து இயாஸ் வந்திருக்கிறார் என்ற செய்தி காதில் விழுந்ததுமே உக்பா நாணற்பாய்க் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தான். அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்த அக்கா ஹுனைதாவின் முன்னால் நின்று மூச்சு வாங்கினான்.

"ராத்தா, வாப்பாவுக்குக் காய்ச்சல். யார் வந்து கேட்டாலும் காய்ச்சல். விளங்குதா?"

"வாப்பா முற்றத்துல உட்கார்ந்து பேரீச்சம்பழம் சாப்பிடுறார். காய்ச்சல் இருக்கான்னு நீயே தொட்டுப் பாரு."

"உன் நாக்கை இன்னைக்கு ஒரு நாளாவது வாய்க்குள்ள வச்சுக்க மாட்டியா? வந்திருக்கிறது இயாஸ்!"

"இயாஸ்தானே வந்திருக்கான். இஸ்ராயீலா வந்துட்டார், உயிரை வாங்க?"

உயிரை வாங்குகிற வானவரே வந்திருந்தால்கூட உக்பா இவ்வளவு நடுங்கியிருக்க மாட்டான். இயாஸ் கழுதையில் ஊர் ஊராகப் போகிற மனிதர். நபி இப்படிச் சொன்னார் என்று எவர் சொன்னாலும் போய் உட்கார்ந்து, யாரிடம் கேட்டீர், எப்போது கேட்டீர், அப்போது அவருக்குப் புத்தி சரியாக இருந்ததா என்று குடைவார். குடைந்து முடித்து, "இவரை விட்டுவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஆளிடம் கேட்டு எழுதியதை மாணவர்கள் தண்ணீர் விட்டுக் கழுவி, அதே தோலில் வேறு எதையாவது எழுதிக்கொள்வார்கள். ஒரு ஆயுள் அப்படிக் கழுவி ஊற்றப்பட்டதை இந்த வாஸித் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

அவர்கள் வாப்பா ஹய்யானின் ஆயுள் சாதாரண ஆயுளா? வாலிபத்தில் கூஃபாவுக்கும் பஸ்ராவுக்கும் மதீனாவுக்கும் கால் தேய நடந்தவர். நபித்தோழர்களை நேரில் கண்டவர்களிடம் பாடம் கேட்டவர்களைத் தேடிப் போய், அவர்களுடைய தள்ளாத கிழப்பருவத்தில் அவர்கள் காலடியில் உட்கார்ந்து கேட்டுவந்தவர். கேட்டதில் ஒரு சொல் கூட்டமாட்டார், ஒரு சொல் குறைக்கமாட்டார். வாஸித்தில் "ஹய்யான் சொன்னார்" என்றால் அத்தோடு வாக்குவாதம் முடிந்துவிடும். முற்றத்துத் திராட்சைக் கொடியின் கீழே அவர் உட்கார, சுற்றி வெளியூர்ப் பிள்ளைகள் உட்கார, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது இருபது வருஷத்துக்கு மேல்.

அத்தனை வருஷமும் அத்தனை பிள்ளைகளுக்கும் ரொட்டி சுட்டுப் போட்டவள் ஹுனைதா. கல்யாணமான மறுவருஷமே கணவன் மௌத்தாகி, தாயில்லாத இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. வாப்பாவின் முன்னால் உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் முறையாகக் கேட்க வேண்டும். கேட்டு, "என் வாப்பா ஹய்யான் எனக்குச் சொன்னார்" என்று தன் வாயால் பிறருக்குச் சொல்ல வேண்டும். பஸ்ராவில் பெண்கள் அப்படிச் சொல்ல, தாடி நரைத்த ஆண்கள் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறார்கள். நடக்க முடியாத ஆசை அல்ல.

ஹய்யானும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "உனக்குச் சொல்லாமலா? நீ வீட்டிலேயே இருக்கிறவ, எப்ப வேணாலும் கேட்டுக்கலாம். இந்தப் பிள்ளைங்க பாவம், மாசக்கணக்கா நடந்து வந்திருக்கு. இவங்க முறை முடியட்டும்மா" என்பார். நல்ல மனிதர்கள் இப்படித்தான் சாகடிப்பார்கள். ஒரு கூட்டம் முடிந்து போகும், அடுத்த கூட்டம் வந்து செருப்பைக் கழற்றும். ஹுனைதா மாவை இன்னும் கூடுதலாகப் பிசைவாள்.

அவள் முறை வந்தது, போன வருஷம் ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது. டைகிரிஸ் கரைபுரண்டு, படகுகளைக் கோத்துக் கட்டிய பாலத்தை அவிழ்த்துக் கரையில் கட்டிவிட்டார்கள். அக்கரையிலிருந்து ஒருவரும் வரமுடியவில்லை. வெளியூர்ப் பிள்ளைகள் வெள்ளத்துக்குப் பயந்து முன்பே கிளம்பிவிட்டார்கள். திராட்சைக் கொடியின் கீழ் ஹய்யான் தனியே உட்கார்ந்து, கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "ஹுனைதா, கையைக் கழுவிட்டு வா. உன் முறை" என்றார்.

அவள் மைக்கூட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். நாற்பதை நெருங்குகிற பெண் ஓடினாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் ஓடினாள். நோன்பு மாதம் பிறப்பதற்குள் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டாள். துணி துவைக்கும்போது, யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, "என் வாப்பா எனக்குச் சொன்னார்" என்று சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தெருப் பெண்கள், வெள்ளிக்கிழமை வந்து உன்னிடம் கேட்கிறோம் என்று அவளை நச்சரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

வாப்பாவுக்குப் புத்தி பிசகத் தொடங்கியதும் அதே வெள்ளத்தின்போதுதான்.

அது அவளுக்கு மட்டுமே தெரியும். முதலில் கூஃபாக்காரரிடம் கேட்டதை பஸ்ராக்காரரிடம் கேட்டதாகச் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டே திருத்திக்கொண்டார். மறுவாரமும் அப்படியே. அப்புறம் திருத்தவேண்டியதை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். அவர் "ஆமாம்மா, ஆமாம்" என்றார். கோடையில் பாலம் திரும்பக் கட்டியதும் வெளியூர்க்காரர்கள் மறுபடி வந்தார்கள். உக்பா அவர்களைத் தடுக்கவில்லை. வருகிறவர்கள் தேனும் துணியும் கொண்டுவருகிறார்கள், பெரிய இடத்துப் பிள்ளை என்று கடைத்தெருவில் அவனுக்கு மரியாதை இருக்கிறது, எவன் தடுப்பான்? பெருநாளுக்குள் எல்லோருக்கும் தெரியும்படி ஆகிவிட்டது. ஹய்யான் செத்துப்போன மனைவியைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார். அதன்பிறகுதான் உக்பா கதவைச் சாத்தினான்.

இந்த நபிமொழிக் கல்வியில் ஒரு கறாரான சட்டம் உண்டு. ஒருவருக்குக் கிழப்பருவத்தில் புத்தி குழம்பினால், எந்த நாளிலிருந்து என்று பார்த்து ஒரு கோடு கிழிப்பார்கள். கோட்டுக்கு முன்னால் கேட்டவர்கள் கேட்டது செல்லும். பின்னால் கேட்டவர்கள் கேட்டது குப்பை. கோடு எங்கே என்று கேட்கத்தான் இயாஸ் வந்திருந்தார்.

முன்வாசலில் உக்பா காய்ச்சல் கதையைச் சொல்லி அனுப்பிய கையோடு, இயாஸ் பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு அடுப்படிக் கதவுக்கு வந்துவிட்டார். இந்த வீட்டில் இரண்டு குளிர்காலம் தங்கிப் படித்தவருக்குச் சந்து தெரியாதா?

"அஸ்ஸலாமு அலைக்கும், ராத்தா. நான் இயாஸ்."

"வ அலைக்கும் ஸலாம். முன்வாசல் அந்தப் பக்கம்."

"அங்க உங்க தம்பி நிக்கிறான். வாப்பாவுக்குக் காய்ச்சல்ங்கிறான். உள்ளே ஒருத்தர் கலகலன்னு சிரிக்கிறது தெருவுக்கே கேட்குது. காய்ச்சல்காரர் சிரிப்பு மாதிரி தெரியல."

ஹுனைதாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். கதவைப் பாதி சாத்தி அதன் பின்னால் உட்கார்ந்தாள். இடுக்கில் தெரிந்த தாடியில் நரை ஓடியிருந்தது. முதன்முதலில் வந்தபோது எலும்பும் தோலுமாக, எத்தனை ரொட்டி போட்டாலும் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்த பையன்.

"ரொட்டி வாசம் மாறவே இல்ல ராத்தா."

"வெறும் வயித்தோட வர்றவங்களுக்கு எல்லா வீட்டு ரொட்டியும் வாசம்தான். வந்த விஷயத்தைச் சொல்லுங்க."

இயாஸ் வாசற்படியில் உட்கார்ந்தார். "மோஸுல்ல ஒருத்தன் ஒரு நபிமொழி சொல்றான். படகு முழுகினா சரக்குக்குப் படகுக்காரன்தான் பொறுப்புன்னு நபி சொன்னாங்களாம். யார்கிட்ட கேட்டேன்னேன். வாஸித்துல ஹய்யான்கிட்ட, போன கோடையிலன்னான். அதை வச்சு ஒரு ஏழைப் படகுக்காரன்கிட்ட இருந்த ஒத்தப் படகையும் பிடுங்கிட்டாங்க. அவன் பிள்ளைங்க ஆத்தங்கரையில நிக்குது. ராத்தா, அது நபி சொன்னதில்ல. கூஃபாவுல ஒரு காழி சொன்ன தீர்ப்பு. இதே வீட்டுல, இதே வாப்பா வாயால, காழி சொன்னதுன்னுதான் நான் கேட்டேன்."

ஹுனைதாவுக்கும் தெரியும். அவளும் அப்படித்தான் கேட்டிருந்தாள். காழியின் பேச்சு நபியின் பேச்சாகிவிட்டதே என்று அவளுக்குப் பதறியது. நபி சொல்லாததை நபி சொன்னதாகச் சொல்வதற்கு என்ன தண்டனை என்று இந்த வீட்டில் கற்றுக்கொள்ளாத ஆளில்லை.

"உக்பாவைக் குடைஞ்சு கேட்டா, பெருநாள்லேர்ந்துதான் குழப்பம்ங்கிறான்" என்றார் இயாஸ். "அப்படின்னா மோஸுல்காரன் கேட்டது செல்லும். நான் ஒண்ணும் பண்ண முடியாது. உக்பா பொய் சொல்லுவான்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்லமாட்டீங்கன்னும் தெரியும். எப்போலேர்ந்து ராத்தா?"

பெருநாள் என்று சொன்னால் போதும். கூட இருந்து பார்த்தவர் வேறு யாருமில்லை. வெள்ளத்துக்கும் பெருநாளுக்கும் நடுவில் அவள் கேட்ட அத்தனையும் செல்லும். தெருப் பெண்கள் வருவார்கள், அவள் சொல்வாள், அவர்கள் மகள்களுக்குச் சொல்வார்கள். ஆற்றங்கரையில் நிற்கிற ஒரு குடும்பம்தான் குறுக்கே இருந்தது, அதுவும் அவள் கண்ணால் பார்க்காத குடும்பம். தன் வாயால் தன் கழுத்தை அறுக்கச் சொல்லி ஒருவன் வாசற்படியில் உட்கார்ந்து மரியாதையாகக் கேட்கிறான்.

"வெள்ளத்துலேர்ந்து" என்றாள்.

"பாலம் அவிழ்த்தப்பவா?"

"பாலம் அவிழ்த்த வாரம். அதுக்கு முந்தி ஒரு பிசகு கிடையாது. அதுக்கு அப்புறம் நம்ப முடியாது."

இயாஸ் நீண்ட மூச்சு விட்டார். "அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும்."

"அவன் தருவான். இப்ப நீங்க என்ன தருவீங்க?" ஹுனைதாவின் குரல் உடைந்தது. "நான் வாப்பாகிட்ட முழுசும் கேட்டது வெள்ளத்துக்கு அப்புறம்தான். அப்பத்தான் என் முறை வந்துச்சு."

"ராத்தா... எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"தெரிஞ்சிருந்தாலும் கேட்டிருப்பேன்."

அதுவாவது உண்மை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழக்கைத் தொடங்கினாள். "ஆனா அவர் தப்பாச் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும். நான் எடுத்துக் கொடுத்தேன், அவர் ஆமான்னார். நான் எழுதியிருக்கிறதுல ஒரு தப்பு கிடையாது."

"அப்போ நீங்க வாப்பாகிட்ட கேட்கல ராத்தா. உங்ககிட்டயே கேட்டிருக்கீங்க. நீங்க எடுத்துக் கொடுத்ததுக்கு ஆமான்னவர், நாளைக்கு வேறொருத்தன் எடுத்துக் கொடுத்தா அதுக்கும் ஆமாம்பார். மோஸுல்காரனுக்கு அப்படித்தானே ஆச்சு?"

"சரி. எடுத்துக் கொடுக்க எனக்கு எப்படித் தெரியும்? எங்கேர்ந்து வந்துச்சு? இருபது வருஷமா இந்த அடுப்படியிலேர்ந்து கேட்டேன். கொடிக்கும் அடுப்புக்கும் நடுவுல ஒரு திரைதான். நீங்க கேட்டதை எல்லாம் நானும் கேட்டேன். அது பாடம் கேட்டதுதான் இல்லையா?"

"பாடம் கேட்டதுதான்" என்றார் இயாஸ். அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவள் கதவு இடுக்குக்கு நெருங்கி உட்கார்ந்தாள். அவருக்கும் அவளைக் காப்பாற்ற ஆசைதான், அது முகத்தில் தெரிந்தது. "திரைக்குப் பின்னால கேட்டாலும் பாடம்தான், குரல் யாருடையதுன்னு தெரிஞ்சா போதும். உங்க மனப்பாடத்துல எனக்குச் சந்தேகமே இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பாடம் ஆரம்பிச்சதுலேர்ந்து முடியிறவரைக்கும் எழுந்திருக்காம இருந்தீங்களா?"

ஹுனைதா தன் கையைப் பார்த்தாள். மாவு காய்ந்து விரலில் அப்பியிருந்தது.

"அடுப்பு அந்த மூலையில. ரொட்டியை அடுப்புச் சுவர்ல ஒட்ட எழுந்திருப்பேன். எடுக்க எழுந்திருப்பேன். தலையை அடுப்புக்குள்ள விட்டா வெளிச் சத்தம் கேட்காது."

"அப்போ எதெல்லாம் விட்டுப்போச்சுன்னு தெரியுமா? அதை மட்டும் ஒதுக்கிட்டு மீதியைச் சொல்லலாம்."

"எப்படித் தெரியும்? கேட்காதது எதுன்னு எப்படித் தெரியும்? விட்டதை நீங்க சாப்பிடறப்போ பேசிக்குவீங்க, அதுலேர்ந்து பிடிச்சுக்குவேன். எது வாப்பா வாயிலேர்ந்து வந்தது, எது உங்க வாயிலேர்ந்து வந்ததுன்னு இப்பப் பிரிக்க முடியல." அவளுக்குக் கோபம் பொங்கியது. "யாருக்குச் சுட்ட ரொட்டி அது? சொல்லுங்க. நான் எழுந்திருக்காம உட்கார்ந்திருந்தா நீங்க என்னத்தைத் தின்னு என்னத்தைப் படிச்சிருப்பீங்க?"

அந்த ரொட்டிதான் இயாஸின் உடம்பாக உட்கார்ந்து அவளைத் தள்ளுபடி செய்துகொண்டிருந்தது.

"அப்போ உக்பா கேட்டது செல்லுமா?" என்று கேட்டாள்.

"உக்பா கொடிக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தான். நானே பார்த்தேன். வெள்ளத்துக்கு ரொம்ப முந்தியே முழுசும் கேட்டிருக்கான்."

"தூங்கினான்."

"கண்ணை மூடியிருந்தான். அது தூக்கம்னு நான் எப்படிச் சத்தியம் பண்றது?"

"குறட்டை விட்டான் இயாஸ். அடுப்புக்குள்ள தலையை விட்டாலும் கேட்டது அது ஒண்ணுதான்!"

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததற்கு வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "அவன் ஞாபகம் மட்டம்னு எழுதுவேன். ஆனா கேட்கவே இல்லைன்னு எழுத முடியாது. இடத்துல இருந்தான்."

பிறகு மடியில் இருந்த தோலை விரித்து எழுதினார். எழுதியதை அவளுக்கு வாசித்தும் காட்டினார், அந்த நாணயம் அவரிடம் இருந்தது. "வாஸித்தின் ஹய்யான் நம்பத்தக்கவர். பெருவெள்ளத்தில் குழம்பினார். அதற்கு முன் கேட்டவர்களிடமிருந்து ஏற்கலாம், பின் கேட்டவர்களிடமிருந்து ஏற்கலாகாது. இதை அவர் வீட்டாரில் நம்பகமான ஒருவர் சொன்னார்."

"அந்த ஒருவருக்குப் பேர் இல்லையா?"

"பெத்த வாப்பாவைக் குறை சொன்ன மகள்னு உங்க பேர் ஊர் ஊராப் போகணுமா? உங்க மரியாதைக்குத்தான் விட்டேன் ராத்தா."

"என் மரியாதையை நான் பார்த்துக்குவேன். பேரை எழுதுங்க."

இயாஸ் தயங்கினார். தோலைச் சுருட்டினார். "மை காஞ்சிடுச்சு" என்றார். பொய்யர்களைப் பிடிக்கிறவர் சொன்ன பொய் அது, அதுவும் நல்ல எண்ணத்தில். எழுந்து ஸலாம் சொல்லிவிட்டுச் சந்தில் நடந்தார். நாலு அடி போய்த் திரும்பிப் பார்த்தார். ஹுனைதா கதவைச் சாத்திவிட்டாள்.

உக்பாவுக்கு விஷயம் தெரிந்ததும் முதலில் குதித்தான். "வீட்டு மானத்தைச் சந்துல வச்சு வித்துட்டியே, மகராசி!" என்று பானையை உதைத்தான். பிறகு, வெள்ளத்துக்கு முன் கேட்டவர்களில் வாஸித்திலேயே மிச்சமிருப்பது தான் மட்டும்தான் என்று யாரோ கடைத்தெருவில் சொல்ல, தலைப்பாகையை நேராகக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தான். "ராத்தா, வியாழக்கிழமை கொஞ்சம் பேர் வர்றாங்க. ரொட்டி கொஞ்சம் அதிகமாச் சுடணும். அந்த மதீனாக்காரர் பாடம் எப்படி ஆரம்பிக்கும்? ஒரு தடவை சொல்லேன்" என்றான்.

"இடத்துல இருந்தியே, உனக்குத் தெரியாதா?" என்றாள் ஹுனைதா. அவனுக்குக் கேலி புரியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த பெண்களிடம், என்னிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை, என் தம்பியிடம் கேட்கச் சொல்லி உங்கள் வீட்டு ஆண்களை அனுப்புங்கள் என்று சொல்லி அனுப்பினாள். எதிர்வீட்டுக்காரி, "இத்தனை நாள் பெருசாப் பேசுனியே, இப்ப கசக்குதாக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். விளக்கம் சொல்ல ஹுனைதாவுக்குத் தெம்பில்லை.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனாள். ஹய்யான் திராட்சைக் கொடியின் கீழே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. அவளை அவளாகவே அடையாளம் கண்டு, "வந்தியா ஹுனைதா? உட்காரு. எழுது" என்றார்.

அவள் உட்கார்ந்தாள்.

அவர் சொன்னார். தனக்குச் சொன்னவர், அவருக்குச் சொன்னவர், அவருக்குச் சொன்ன நபித்தோழர் என்று ஒவ்வொரு பெயராக, ஒரு பெயரும் இடம் மாறாமல், குரல் நடுங்காமல் சொன்னார். அண்டை வீட்டாரிடம் நடந்துகொள்வது பற்றிய நபிமொழி. ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. பெருவெள்ளத்துக்கு முந்தைய ஹய்யான் அப்படியே வந்து உட்கார்ந்து அவளுக்காக மட்டும் சொன்னார். இந்தத் தடவை அவள் எங்கேயும் எழுந்து போகவில்லை.

அதற்கும் மதிப்பில்லை. கோடு போட்டாகிவிட்டது. போட்டவள் அவள்தான்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் வாப்பா." அவள் கையில் கஞ்சிக் கிண்ணம் மட்டும்தான் இருந்தது.

"நாளைக்கு யாராவது, இதை யார்கிட்ட கேட்டேன்னு கேட்பாங்க. பயப்படாம என் பேரைச் சொல்லு. ஹய்யான் சொன்னார், நான் காதால கேட்டேன்னு சொல்லு. ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். சொல்லுவியா?"

"சொல்றேன் வாப்பா" என்று, இயாஸிடம் சொல்ல முடியாத பொய்யை அவரிடம் சொல்லிவிட்டு, கஞ்சியை ஊதி ஊதி ஊட்டினாள்.